புஷ்பராணி நுழையாத அறைகள்

புஷ்பராணி இறந்ததை எனக்குச் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்த முடிவை மீறியவர் ஜவாஹிர் ஹாஜியார். கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் அவருடைய துணிக்கடைக்கு மேல்மாடியில்தான் புஷ்பராணியின் கடை இருந்தது. கலியாணப் பெண்களுக்குச் சேலையும் ரவிக்கையும் வடிவமைத்துக் கொடுக்கிற கடை. நான் சமையலறையில் மகளின் கலியாணத்துக்குச் செய்த பலகாரங்களை டின்களில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது.

"தங்கச்சி, ஒங்களுக்குச் சொல்ல வாணாம்னுதான் சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல்ல. நம்மட புஷ்பா மௌத்தாகிட்டா. அம்பிட்டிய ஊட்டுல வெச்சிரிக்கிறாங்க. இன்டைக்குப் பின்னேரமே எடுக்கிறாங்க."

"ஆர் சொல்ல வேண்டாம் எண்டது?"

"அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? நீங்க சபூர் செஞ்சுக்கோங்க, பொறுமையா இரிங்க," என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

நான் உடனே அழவில்லை. எனக்கு எந்தத் துக்கமும் முதலில் கோபமாகத்தான் வரும். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால், மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிந்த கமலாசனி என்றுதான் சொல்வார்கள். டின்னைக்கூட மூடாமல் எழுந்துபோய், விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த என் கணவர் தியாகராஜாவின் முன்னால் நின்றேன்.

"புஷ்பா செத்துப்போனாள். நீங்களோ எனக்குச் சொல்ல வேண்டாம் எண்டது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயோ, எனக்குத் தெரியாதப்பா." பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தெரிஞ்சிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டன்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவரோடு குடும்பம் நடத்துவதில் உள்ள கரைச்சலே அதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் நிருஷாவுக்குக் கலியாணம். தாலிக்குப் பொன்னுருக்கி, எங்கள் வளவில் பந்தலுக்குக் கன்னிக்காலும் நட்டாயிற்று. அதன்பிறகு கலியாணம் முடியும்வரை அந்த வீட்டார் செத்தவீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டுக்கலையில் வீடு வாங்கி, பிள்ளை சிங்களத்தில் கனவு காண்கிற அளவுக்குக் கண்டிக்காரர் ஆகிவிட்ட பிறகும் நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற வழக்கம் அது. சொந்தச் சித்தப்பா செத்தாலும் பொன்னுருக்கியவர்கள் போகமாட்டார்கள். புஷ்பராணி எங்களுக்குச் சொந்தமும் இல்லை.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போவம்," என்றார் அவர்.

"அந்தியேட்டிக்குப் போய் ஆரைப் பாக்கிறது? படத்தையோ?"

"சயந்தன்ர தாய் அறிஞ்சா என்ன நினைப்பா எண்டு யோசிச்சனீரே?"

சயந்தன் மாப்பிள்ளை. அவனுடைய தாய் நல்ல மனுசிதான். ஆனால் காகம் கரைந்தாலும் பஞ்சாங்கம் பார்க்கிறவள். எங்கள் சத்தம் கேட்டு நிருஷா அறையிலிருந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கதவு நிலையில் சாய்ந்து நின்று அழுதாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

புஷ்பராணியை நான் தேடிப்போனது ஒரு ரவிக்கையைப் பார்த்துத்தான். கண்டிக் கச்சேரிக்கு மாற்றலாகி வந்த புதிதில், கூட வேலை செய்த ஒருவருடைய மகளின் கலியாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண் குள்ளம், கழுத்தும் கட்டை. ஆனால் மணவறையில் அவளைப் பார்த்தபோது கட்டை என்று எவருக்கும் தோன்றவில்லை. ரவிக்கையின் கழுத்தை யாரோ வெட்டியிருந்த விதம் அப்படி. இடுப்பில் கண்டியச் சேலைக்கு வைக்கிற சுருக்கைக் கொஞ்சமாக எடுத்து, எங்கள் கூறைச்சேலைக்கு ஒத்துவருகிற மாதிரி வைத்திருந்தார்கள். கிழவிகள் "இதென்ன சிங்களக் கோலம்" என்று முணுமுணுத்தார்கள். நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, இதை யார் தைத்தது என்று விசாரித்துத் திரிந்தேன். கச்சேரியில் எனக்குச் சீலைக்கடை என்று பட்டப்பெயர் இருந்தது. அது பொருத்தமான பெயர்தான், எனக்கு அதில் வருத்தமில்லை.

அடுத்த நாளே ஹாஜியாரின் கடைக்குப் பக்கத்து ஒடுங்கிய மாடிப்படியில் ஏறினேன். மேலே ஒரு மெலிந்த பெண், கழுத்தில் அளவு நாடாவோடு, பிறவுண் பேப்பரில் பென்சிலால் கீறிக்கொண்டிருந்தாள். வெறும் நெற்றி. என்னைவிடக் கொஞ்சம் இளையவளாக இருப்பாள். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் என்னைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தாள்.

"மிஸ், நீங்க எடது தோள எறக்கி நிக்கிறீங்க. பேக் மாட்டுற தோளா?"

"ஓம்."

"அப்ப அந்தப் பக்கம் வேற மாதிரி வெட்டணும். இல்லாட்டி எம்புட்டு நல்ல துணி போட்டாலும் கோணலாத்தான் தெரியும்."

என்னுடைய தாய்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அன்று தொடக்கம் நான் வேறு எவரிடமும் ரவிக்கை தைக்கவில்லை.

புஷ்பராணி கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தாய் ராக்கம்மா கொழுந்து எடுத்தவள். புஷ்பராணிக்கு இருபது வயதாகும் முன்பே அதே தோட்டத்து லொறி டிரைவர் ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். மழைக்காலத்தில் பேராதனைக்கு இறங்குகிற வழியில் மண் சரிந்து லொறி உருண்டது. கலியாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிணம் வந்த அன்றே மாமியார் அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வாசலில் நின்று, "வந்த கையோட எம்புள்ளய முழுங்கிட்டா" என்று எல்லாரும் கேட்கக் கத்தினாளாம். இதைப் புஷ்பராணி எனக்கு ஒருமுறைதான் சொன்னாள், அதுவும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

பிறகு தங்கை ஜெயராணியையும் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து, ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். அங்கே கழித்துப் போட்ட வெளிநாட்டுச் சட்டைகளை வாங்கிவந்து, தையலைத் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எப்படி வெட்டியிருக்கிறது என்று பார்ப்பாளாம். யாரும் சொல்லிக்கொடுத்து அவள் படித்ததில்லை. ஹாஜியார் மேல்மாடியை முதலில் சேலைக்கு ஓரம் அடிக்கத்தான் கொடுத்தார். மெல்ல மெல்லக் கலியாண வேலைகள் வந்தன. ஒரு நாள் கொழும்பில் படிக்கிற ஒரு பெண் அவளை டிசைனர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"மிஸ், டிசைனர்னா டெய்லருக்கு மேலயா, கீழயா?" என்று என்னிடம் கேட்டாள்.

"டெய்லர் சொன்னதைத் தைப்பா. டிசைனர் ஒருத்தரும் சொல்லாததைத் தைப்பா," என்றேன்.

அவள் அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மாடிப்படியடியில் 'புஷ்பா, கலியாண உடை டிசைனர்' என்று ஒரு சின்னப் பலகை தொங்கியது. கட்டுகஸ்தோட்டை, கம்பளை, மாத்தளை என்று எல்லா இடத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொரு ரவிக்கையின் உள்ளேயும் இரண்டு விரல் துணி மடித்து விட்டிருப்பாள். "புள்ள பெத்த பொறகும் போடணும்ல, பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டவா தைக்கிறோம்?" என்பாள்.

அவள் தைத்த உடுப்பை அவளே போய் மணப்பெண்ணுக்கு உடுத்திவிடுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது இல்லை என்று தெரிந்தது பேராதனை வீதியில் ஒரு மண்டபத்தில். உள்ளே மணப்பெண் கூறை மாற்றப் போயிருந்தாள். ஐயர் அவசரப்படுத்துகிறார், மேளக்காரன் நேரம் பார்க்கிறான், அறைக்குள் நாலைந்து பெண்கள் சேலையோடு மல்லுக்கட்டுகிறார்கள், மடிப்பு நிற்கவில்லை. நான் காற்று வாங்க வெளியே வந்தால், மதிலோரம் ஒரு ஓட்டோவுக்குள் புஷ்பராணி ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

"இஞ்ச என்ன செய்யிறீர்? உள்ளுக்கு அந்தப் பிள்ளையைப் போட்டுக் குதறுகினம். போம்."

"நான் போகக்கூடாது மிஸ். தாலி கட்டப்போற புள்ள. மொத மொகமா என் மொகமா அது பாக்கணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதவை கையால் தைத்த ரவிக்கை ஆகுமாம், அந்தக் கை உடுத்திவிட்டால் ஆகாதாம். நேரே மணப்பெண்ணின் தாயிடம் போய்க் கேட்டேன். "நாங்கள் அப்பிடியெல்லாம் பாக்கிறதில்லை மிஸ், மாப்பிள்ளை வீட்டுக்காரர்தான்..." என்று இழுத்தாள். பின்னாட்களில் எத்தனையோ தாய்மாரிடம் கேட்டுவிட்டேன். எல்லா வீட்டிலும் குற்றம் மற்ற வீட்டுக்காரருடையதுதான்.

அன்று வேறு வழியில்லாமல் நான் உள்ளே போனேன். அறையின் பின் யன்னலுக்கு வெளியே அவள் வந்து நின்றாள், முகம் தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு. "வலது கைப் பெருவெரல்ல மொதல் மடிப்பப் புடிங்க மிஸ்... இழுக்காதீங்க, தொங்க விடுங்க... இப்ப ஊசி" என்று அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மேளம் தொடங்கும்போது பெண் தயாராகிவிட்டாள். அதற்குப் பிறகு சனி ஞாயிறுகளில் எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. கணவரும் பிள்ளையும் உள்ள சுமங்கலி என்பதால் எந்த அறையிலும் என்னைத் தடுக்கவில்லை. கைத்தொலைபேசி வந்த பிறகு யன்னலும் தேவைப்படவில்லை. மேசையில் போனை வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். அவள் மதிலுக்கு வெளியே இருந்து பேசுவாள், நான் உடுத்துவேன். எல்லாம் முடிந்து நான் திரும்பி வந்ததும் பெண் எப்படி இருந்தாள் என்று கேட்பாள். கழுத்து சரியாக உட்கார்ந்ததா, நடக்கும்போது சுருக்கு அசைந்ததா என்று துருவித் துருவிக் கேட்பாள். தான் செய்ததைத் தான் பார்க்காமல், என் வாயால் கேட்டுக்கொண்டு போவாள்.

நான் அந்த வீட்டார்களைத் திட்டிக்கொண்டு வருவேன். "விடுங்க மிஸ். புள்ள நல்லாருக்கணும். கொசுவம் நின்னுச்சா, அத சொல்லுங்க," என்பாள். எவ்வளவு பெருந்தன்மை என்று நான் நினைப்பேன். இந்தச் சின்னத்தனங்களுக்கெல்லாம் மேலே நிற்கிறவள் என்று ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன்.

நிருஷாவுக்குக் கலியாணம் பேசி முடித்தபோது புஷ்பராணி ஏற்கெனவே நோயில் இருந்தாள். வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக உடம்பு பாதியாகிவிட்டது. ஆனாலும் நிருஷாவின் கூறைக்கு ரவிக்கையை வேறு யாரும் தொட அவள் விடவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தபடி தைத்தாள். ஜெயராணி நூல் கோத்துக் கொடுத்தாள். நான் அப்போது ஒரு சபதம் மாதிரிச் சொன்னேன்:

"என்ர பிள்ளையின்ர கலியாணத்தில நீர் வெளியில இருக்கேலாது. உள்ளுக்கு வந்து உம்மட கையால உடுத்திவிட வேணும். ஆர் என்ன சொல்லுகினம் எண்டு நான் பாக்கிறன்."

அவள் சிரித்தாள். "பாப்போம் மிஸ்," என்றாள். அவளுக்கு உடம்பு முடியாததால் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் அதையே கேட்டேன். ஒவ்வொரு முறையும் பாப்போம் மிஸ் என்றாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. மத்தியானம் தாண்டியதும் எழுந்து சேலையை மாற்றினேன். அலுமாரியில் உள்ள ரவிக்கை எல்லாமே அவள் தைத்ததுதான், தேட வேண்டியிருக்கவில்லை. தியாகராஜா வாசல்வரை வந்தார். என்னைத் தடுத்து வென்ற அனுபவம் அவருக்கு இல்லாதபடியால் குடையை மட்டும் எடுத்துத் தந்தார்.

அம்பிட்டிய ஏற்றத்தில் ஓட்டோ ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. புஷ்பராணியின் வாடகை வீடு ரோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. வழியோரம் வெள்ளைக்கொடி நனைந்து தொங்கியது. கீழே தப்பு மேளத்தின் சத்தம். நான் படலையைத் திறக்க முன்பே ஜெயராணி ஓடிவந்தாள். தலை விரிந்து கிடந்தது. படலைக்கு உள்ளே நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க மிஸ். உள்ள வராதீங்க. பொன்னுருக்குன வீடு மிஸ்."

"விடும் ஜெயராணி. எனக்குச் சொல்ல வேண்டாம் எண்டது நீரோ?"

"நான் இல்லீங்க."

"பின்ன ஆர்? என்ர மனுசனோ? சயந்தன்ர தாயோ? பேரைச் சொல்லும், நான் பாத்துக்கொள்ளுறன்."

"அக்காதான் மிஸ்."

எனக்கு விளங்கவில்லை. எந்த அக்கா என்று கேட்டேன்.

"எங்க அக்காதான். நெனவு இருக்கிற வரைக்கும் அதையேதான் சொல்லிச்சு. கல்யாணம் முடியிற வரைக்கும் மிஸ்ஸுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சு வந்தாலும் படிய மிதிக்க விட்டுறாத, அந்தப் புள்ளைக்கு என்னால ஒன்னும் வந்துறக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு மிஸ்."

"சாகிற நேரத்தில அப்பிடித்தான் சொல்லுவினம். அவள் இதையெல்லாம் நம்புற ஆள் இல்லை."

ஜெயராணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நம்புனிச்சு மிஸ். எப்பவுமே நம்புனிச்சு. நீங்க நிருஷா பாப்பாவுக்கு உடுத்திவிட வரணும்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல? நீங்க போன பொறகு அக்கா தூங்காது. மிஸ் கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது, என்ன சாக்கு சொல்றதுன்னு பொலம்பும். நேத்து முடியாமப் போனப்ப, இப்ப ஒரு சாக்கு கெடச்சிருச்சுடின்னு சிரிச்சிச்சு மிஸ்."

நான் படலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். மதிலுக்கு வெளியே ஓட்டோவுக்குள் அவள் இருந்த இருப்பெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவளை வெளியே வைத்தது அந்தத் தாய்மார் மட்டும் இல்லை. அவளே தன்னை வெளியே வைத்துக்கொண்டாள். லயத்து வாசலில் ஒரு கிழவி கத்தியதை இருபது வயதுகூட ஆகாதபோது கேட்டு, அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு, தன் நிழல் பட்டுவிடக்கூடாது என்று ஒவ்வொரு கலியாணத்துக்கும் பயந்து பயந்து வந்திருக்கிறாள். நான் அதைப் பெருந்தன்மை என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சயந்தனின் தாய். தியாகராஜா பயத்தில் உளறியிருக்க வேண்டும்.

"மச்சாள், செத்தவீட்டுக்குப் போயிருக்கிறியளாம், உண்மையோ?"

"வாசலில நிக்கிறன்."

"அப்ப இன்னும் உள்ளுக்குப் போகேல்லைத்தானே? அப்பிடியே திரும்புங்கோ." அவள் கோபப்படவில்லை, கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னாள். "நான் கலியாணத்தை நிப்பாட்ட மாட்டன். அது பிள்ளையளின்ர காரியம். ஆனா நீங்கள் உள்ளுக்குப் போனா, ஞாயிற்றுக்கிழமை நிருஷாவை உடுத்திற அறைக்குள்ள நீங்கள் வரவேண்டாம். கூறையையும் தொடவேண்டாம். எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை மச்சாள்."

"சரி," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

திரும்பிப் போனால் புஷ்பராணியின் சொல்லைக் காப்பாற்றியதாகும். என் மகளையும் நானே உடுத்தலாம். ஆனால் அவள் நம்பியது சரிதான், அவள் ஆகாதவள்தான் என்று நானும் ஒத்துக்கொண்டதாகவும் ஆகும். அதற்குப் பிறகு அதை மாற்றிச் சொல்ல அவளுக்கு முன்னால் எனக்கு ஒரு நாள் கிடைக்காது. ஜெயராணியின் விரல்களைப் படலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவள் அழுதாளே தவிர மறிக்கவில்லை.

ஹோலில் பெட்டி திறந்திருந்தது. சுற்றிவரத் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். ஹாஜியார் வெளியே கதிரையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். புஷ்பராணிக்கு வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. பிணத்தைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்துத் தருகிற மலர்ச்சாலைக்காரர்கள் உடுப்பாட்டும்போது ரவிக்கையை முதுகுப்பக்கம் வெட்டித்தான் போடுவார்கள். அதனால் தோள் இரண்டும் தளர்ந்து, கழுத்து ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. கோணல் கழுத்தை ரோட்டில் கண்டாலே நின்று பார்க்கிறவள் அவள். என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அந்தத் தோளை இழுத்து, முந்தானையை மேலே எடுத்து மடித்து, கோணல் தெரியாமல் வைத்தேன். அவளுடைய கழுத்து குளிர்ந்திருந்தது. சொல்லித்தர யாரும் இல்லாமல் முதன்முதலாக நான் ஒருத்திக்குச் சேலை சரிசெய்தேன்.

பிறகுதான் அழுகை வந்தது. வந்தால் நான் அடக்குகிறவள் இல்லை.

"புஷ்பா, நான் வந்திட்டன்," என்றேன், எல்லாரும் கேட்க. "உம்மால ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. உம்மட புருசன் செத்தது மழையால. உம்மால இல்லை. கேக்குதோ? உம்மால இல்லை."

அந்தப் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி தலையாட்டினாள். ஒருத்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். புஷ்பராணியின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. அவள் உயிரோடு இருந்திருந்தால் என்னைத் திட்டி வெளியே அனுப்பியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் பெட்டியை மூடினார்கள். மஹியாவ மயானத்துக்கு எடுத்துப் போனபோது தப்புச் சத்தம் மழையோடு ஏற்றத்தில் ஏறி, திருப்பத்தில் நின்றுவிட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தியாகராஜா பக்கச் சுவரோரம் நின்று கைகாட்டினார். கையில் துவாய்.

"பின்பக்கத்தால வாரும். சுடுதண்ணி வைச்சிருக்கிறன். முழுகிப்போட்டு உள்ளுக்கு வாரும்."

செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. பாவம், அந்த மனிதர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஆனால் நான் அப்போது இருந்த நிலை அப்படி.

"நான் தொட்டது புஷ்பாவை. அவளைத் தொட்டதுக்கு நான் முழுக மாட்டன்," என்று அயல் வீட்டுக்கும் கேட்கச் சொன்னேன். குடையை முற்றத்தில் போட்டுவிட்டு முன்கதவால் உள்ளே போனேன்.

நிருஷா விறாந்தையிலேயே நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. சயந்தனின் தாய் அவளோடும் பேசியிருக்கிறாள்.

"புஷ்பா அன்ரியும் இல்லை. உங்களையும் உள்ளுக்கு விடமாட்டினமாம். என்னை ஆரம்மா உடுத்திறது?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. விம்மிக்கொண்டு, சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தால் ஓடிவருவாளே, அப்படிக் கையை விரித்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க ஓடிவந்தாள்.

நான் துள்ளிப் பின்னுக்குப் போனேன். கதவு முதுகில் இடித்தது. கை இரண்டையும் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"கிட்ட வராதை பிள்ளை," என்று கத்தினேன். "நான் இன்னும் முழுகேல்லை."